நவீன ஓவியத்தின் முன் நின்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நவீனக் கலை, சமகாலக் கலை இரண்டையும் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்ததால் அத்தகையவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அரூப ஓவியங்களின் முன் நிற்கும்போது எதைப் பார்ப்பது என்றே தெரிவதில்லை. மனிதர், மரம், வீடு என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ‘இது என்ன சொல்கிறது?’ என்ற கேள்வியைச் சற்று ஒத்திவையுங்கள். ‘இங்கே என்ன இருக்கிறது, அது எப்படி இங்கே வந்தது?’ என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஓவியர் ஏதோ ஒரு செய்தியைக் கித்தானுக்கு, அதாவது ஓவியம் தீட்டும் துணிக்கு, பின்னால் ஒளித்துவைத்திருக்கிறார், அதை எடுக்கும் வழி நமக்குத் தெரியவில்லை என்ற எண்ணம்தான் பலரை ஓவியத்தின் முன்னாலிருந்து விரட்டிவிடுகிறது. நான் சொல்லும் கேள்விக்கான விடை பெரும்பாலும் கண்ணெதிரிலேயே இருக்கும்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக்கின் ‘நம்பர் 1ஏ, 1948’ என்ற ஓவியம் இருக்கிறது. தள்ளி நின்றால் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் பின்னிக் கிடக்க, இடையிடையே மஞ்சளும் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும் ஒரு பெரும் சிக்கலாகத்தான் அது தெரியும். அருகே சென்றால் சிக்கல் பிரியத் தொடங்கும். வெள்ளைக் கோடு கறுப்புக் கோட்டின் மேல் ஏறிச் செல்கிறது என்றால் கறுப்பு முதலில் விழுந்திருக்கிறது. வண்ணம் நூலாக மெலிந்து நீளும் இடத்தில் கை விரைந்திருக்கிறது, திரண்டு தேங்கிய இடத்தில் கை நிதானித்திருக்கிறது. வலப்பக்க மேல்பகுதிக்குக் கண்ணை உயர்த்தினால் ஓவியரின் உள்ளங்கைத் தடங்கள் கித்தானில் பதிந்திருப்பதைக் காணலாம்.

இவ்வளவையும் எந்தப் புத்தகமும் இல்லாமலேயே பார்த்துவிடலாம். அதன் பிறகு, போலாக் 1947 முதல் கித்தானைத் தரையில் விரித்து, அதைச் சுற்றி நடந்தபடி, குச்சியாலும் இறுகிப்போன தூரிகையாலும் எனாமல் வண்ணங்களைச் சொட்டவும் வீசவும் செய்தார் என்ற தகவலைப் படித்தால், அது நீங்கள் ஏற்கெனவே கண்டதை உறுதிப்படுத்தும். கோடுகள் இங்கே எந்தப் பொருளின் எல்லையையும் வரையவில்லை. ஓர் உடல் அசைந்ததன் தடங்களாக அவை நிற்கின்றன. அந்தக் கைத்தடங்களை ‘நான் இங்கே இருந்தேன்’ என்ற கையொப்பமாக வாசிக்கலாம்; ஆதி மனிதர்கள் குகைச் சுவர்களில் பதித்துச் சென்ற கைகளோடு சேர்த்தும் வாசிக்கலாம். இரண்டுக்கும் கித்தான் இடம் தருகிறது.

கேள்வி: ‘இதை என் பிள்ளைகூட வரைவாள்’ என்று என் உறவினர்கள் சொல்லும்போது எனக்குப் பதில் தெரிவதில்லை. வெறும் கறுப்புச் சதுரத்தை ஓவியம் என்று எப்படி ஏற்பது?

பதில்: அந்தச் சொல்லில் இரண்டு கருத்துகள் கலந்திருக்கின்றன. குழந்தையின் கிறுக்கலுக்கும் தேர்ந்த ஓவியரின் அரூபத்துக்கும் வேறுபாடு தெரியாது என்பது ஒன்று. அமெரிக்க உளவியலாளர்கள் ஏஞ்சலினா ஹாலி-டோலன், எலன் வின்னர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். ஒரு தொழில்முறை ஓவியரின் அரூப ஓவியத்தையும், குழந்தையோ விலங்கோ தீட்டிய ஒன்றையும் அருகருகே காட்டி, எது சிறந்தது என்று கேட்டார்கள். பெயர்க் குறிப்புகளை மாற்றி ஒட்டியிருந்தபோதும்கூட, குருட்டாம்போக்கில் தேர்ந்தால் வரக்கூடியதைவிட அதிக முறை ஓவியரின் படைப்பையே பார்வையாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். கலை பயிலாதவர்களும் அப்படியே செய்தார்கள். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் முடிவெடுக்கப்பட்டதன் தடயங்களை நம் கண் ஓரளவு உணர்ந்துகொள்கிறது.

எளிதில் செய்யக்கூடியது கலை ஆகாது என்பது மற்றொரு கருத்து. நீங்கள் குறிப்பிடும் கறுப்புச் சதுரம் காசிமிர் மலேவிச் தீட்டியது. ஒவ்வொரு பக்கமும் 80 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவான கித்தான். 1915 டிசம்பரில், பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ‘0,10’ என்ற பெயரில் நடந்த கண்காட்சியில், அதை அவர் மற்ற ஓவியங்களோடு வரிசையில் மாட்டவில்லை. கூரையை ஒட்டி, இரு சுவர்கள் கூடும் மூலையில், குறுக்காக வைத்தார். ரஷ்ய இல்லங்களில் புனிதப் படங்களை வைத்து வணங்கும் இடம் அது. பல நூற்றாண்டுகளாக ஒரு திருமுகம் இருந்த இடத்தில் முகமே இல்லாத ஒரு வடிவத்தை, முதல் உலகப் போரின் இரண்டாம் ஆண்டில், கொண்டுபோய் வைத்ததுதான் அந்தச் செயல். பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்ததற்கும், இன்றும் அதைப் பற்றிப் பேசுவதற்கும் காரணம் இதுவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாஸ்கோவின் டிரெட்யாகோவ் கலைக்கூடத்தில் இருக்கும் அந்த ஓவியத்தை அருகில் பார்த்தால் அது வெறும் கறுப்பு அல்ல. பக்கங்கள் வரைகோல் வைத்து இழுத்தவை அல்ல, வெள்ளை விளிம்பில் தூரிகையின் ஓட்டம் தெரிகிறது, கறுப்பு முழுவதும் மெல்லிய வெடிப்புகள் ஓடி அவற்றின் வழியே அடியிலிருக்கும் நிறங்கள் கசிகின்றன. 2015-இல் ஊடுகதிர் ஆய்வு செய்தபோது அடியில் வேறு இரண்டு வண்ண ஓவியங்கள் இருப்பது தெரியவந்தது. மலேவிச் அவற்றை மூடிவிட்டுத்தான் இந்தச் சதுரத்துக்கு வந்திருக்கிறார். உங்கள் உறவினரின் மகள் சதுரம் வரைவாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவள் எதை அழித்துவிட்டு அங்கே வந்தாள் என்பதையும் கேட்டால் வேறுபாடு துலங்கும்.

கேள்வி: புகைப்படக் கருவி வந்துவிட்டதால்தான் ஓவியர்கள் தத்ரூபமாக வரைவதைக் கைவிட்டார்கள் என்று பள்ளியில் படித்தோம். அது சரியா?

பதில்: ஓரளவு சரி. ஆனால் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பெரும்பாலான ஓவியர்கள் தத்ரூபத்தை விடவில்லை. பலர் புகைப்படங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு முன்னைவிடத் துல்லியமாக வரைந்தார்கள். காட்சியை அந்தக் கணத்தில் கண்ணுக்குத் தெரிந்தபடியே தீட்டிய இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள் 1874-இல் பாரிஸில் தங்கள் முதல் கண்காட்சியை வைத்ததே நதார் என்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரின் பழைய ஸ்டூடியோவில்தான். கருவிக்கும் தூரிகைக்கும் பகை இருந்ததாக அந்த முகவரி காட்டவில்லை.

வேறு காரணங்களும் சேர்ந்தன. 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணத்தை அடைத்துவைக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வண்ணத்தை அரைத்துக் குழைக்கும் அறையை விட்டு ஓவியர்கள் வெளியே செல்ல முடிந்தது. வெளியே ஒளி நிமிடத்துக்கு நிமிடம் மாறியது. இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களில் ஒருவரான மோனே 1872-இல் லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியலைத் தீட்டியபோது, கப்பல்களின் பாய்மரங்களை எண்ணி வரையாமல், பனியில் அவை கண்ணுக்கு எப்படிக் கரைந்து தெரிந்தனவோ அப்படியே விட்டார். அதை உண்மையின் மறுப்பாக அவர் கருதவில்லை. கண்ணுக்கு உண்மையாக இருப்பதாகவே கருதினார்.

இன்னும் ஆழமான மாற்றம் பிரெஞ்சு ஓவியர் செசானிடம் நிகழ்ந்தது. அவருடைய பழங்கள் அடுக்கிய மேசை ஓவியங்களில், துணிக்கு இடப்புறம் தெரியும் மேசை விளிம்பும் வலப்புறம் தெரியும் விளிம்பும் பல நேரங்களில் ஒரே கோட்டில் வந்து சேர்வதில்லை. தவறிப்போய்விட்டது என்று முதலில் தோன்றும். நாம் ஒரு மேசையை அசையாத ஒற்றைக் கண்ணால் பார்ப்பதில்லை, தலையைத் திருப்பித் திருப்பியே பார்க்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தால் அந்த விளிம்புகளின் விலகல் பொருள்பெறும். பிக்காசோவும் பிராக்கும் 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கியூபிசமாக வளர்த்தெடுத்தது இந்த இடத்திலிருந்துதான். ஒரு வயலினின் முன்புறம், பக்கவாட்டு வளைவு, கழுத்து ஆகியவை ஒரே பரப்பில் விரிக்கப்படுகின்றன. அசையாத ஓரிடத்திலிருந்து எடுத்த புகைப்படத்துக்கு எட்டாத உண்மை அது.

கேள்வி: நவீனக் கலை என்பதும் சமகாலக் கலை என்பதும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல. தோராயமாக 1860-கள் முதல் 1960-கள் வரையிலான கலையை நவீனம் என்றும், அதற்குப் பின் இன்றுவரை வருவதைச் சமகாலம் என்றும் அருங்காட்சியகங்கள் பிரித்துவைக்கின்றன. ஆண்டுக் கணக்கைவிடப் பார்வையில் உள்ள மாற்றம் முக்கியமானது. நவீன ஓவியர்கள் பெரும்பாலும் ‘ஓவியம் என்பது எதுவாக இருக்கலாம்?’ என்று கேட்டார்கள். சமகாலக் கலைஞர்கள், ஓவியம் சிற்பம் என்ற பிரிவையே தாண்டி, ஓர் அறை, ஒரு செயல், ஒரு காணொளி, பார்வையாளரின் பங்கேற்பு என எதையும் ஊடகமாக்குகிறார்கள். இரண்டிலும் ஒரே கண்ணோடு நுழைந்தால் ஏமாற்றம் வரும்.

கேள்வி: கடையில் வாங்கிய சிறுநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அதைக் கலை என்றார்கள். இது பார்வையாளரை அவமதிப்பது ஆகாதா?

பதில்: மார்செல் துஷாம்பின் ‘நீரூற்று’ பற்றிக் கேட்கிறீர்கள். கோபப்படுவதற்கு முன் நடந்ததைத் தெரிந்துகொள்வோம். 1917-இல் நியூயார்க்கில் சுயேச்சைக் கலைஞர் சங்கம் ஒரு கண்காட்சி நடத்தியது. நடுவர் குழு கிடையாது, கட்டணம் செலுத்தும் எவருடைய படைப்பும் வைக்கப்படும் என்பது விதி. துஷாம்ப் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலேயே இருந்தவர். ‘ஆர். மட்’ என்ற புனைபெயரில் ஒரு பீங்கான் சிறுநீர்க் கோப்பை, மல்லாக்க வைக்கப்பட்டு, கையொப்பத்துடன் வந்து சேர்ந்தது. எதையும் மறுப்பதில்லை என்று அறிவித்த சங்கம் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. துஷாம்ப் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார்.

ஆகவே அந்தப் பொருள் முதலில் சோதித்தது பார்வையாளரை அல்ல. தங்களைத் தாராள மனத்தினர் என்று நம்பிய கலைஞர்களையே. பிறகு வெளிவந்த சிற்றிதழ்க் குறிப்பு, மட் அதைத் தன் கையால் செய்தாரா என்பது முக்கியமில்லை, அவர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று வாதிட்டது. அன்றாடப் பொருள் ஒன்றை எடுத்து, புதிய பெயரும் புதிய நிலையும் கொடுத்து, அதன் பயன்பாடு மறையும்படி வைத்து, அந்தப் பொருளைப் பற்றிய புதிய எண்ணம் ஒன்றை அவர் உருவாக்கினார் என்பது அதன் சாரம்.

அசல் தொலைந்துவிட்டது. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த ஒரு புகைப்படமும், பின்னாளில் துஷாம்பின் ஒப்புதலோடு செய்யப்பட்ட பிரதிகளுமே இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அழகுக்காக அதை ரசிக்க வேண்டும் என்று எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. துஷாம்பும் அதை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. ‘கலை என்று முடிவு செய்வது யார், எந்த இடத்தில், எந்த அதிகாரத்தால்?’ என்ற கேள்வியை அது எழுப்பியது. அந்தக் கேள்வியை அதைவிடக் கூர்மையாகக் கேட்ட வேறொரு பொருள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே உத்தியை நூறு ஆண்டுகள் கழித்துத் திரும்பச் செய்பவர்களுக்கு அந்தப் பெருமை தானாக வந்துவிடாது.

கேள்வி: படைப்பின் அருகே சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டுப் பார்க்க வேண்டுமா, பார்த்துவிட்டுப் படிக்க வேண்டுமா? கலைஞரின் வாழ்க்கை தெரியாமல் எதுவும் புரியாது என்றால் அந்தப் படைப்பில் என்ன இருக்கிறது?

பதில்: பார்த்துவிட்டுப் படியுங்கள், படித்துவிட்டு மறுபடியும் பாருங்கள். உங்கள் இரண்டாவது கேள்வி கடினமானது, அதற்கு ஓர் எடுத்துக்காட்டு வழியாகவே பதில் சொல்ல முடியும்.

சிகாகோ கலை நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991-இல் உருவாக்கிய ஒரு படைப்பு இருக்கிறது. பளபளக்கும் பல வண்ணக் காகிதங்களில் சுற்றிய மிட்டாய்கள் அறையின் மூலையில் குவிந்து கிடக்கின்றன. பார்வையாளர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், தின்னலாம். குவியல் குறையும்; பிறகு மீண்டும் நிரப்பப்படும். குவியலின் உத்தேச எடை 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ என்று கலைஞர் வகுத்திருக்கிறார். குறிப்பைப் படிக்காமல் நின்றாலே சில உணர்வுகள் எழுகின்றன. அருங்காட்சியகத்தில் தொடக்கூடாது என்ற விதி இங்கே தலைகீழாகிறது, எடுக்கும்போது ஒரு தயக்கம் வருகிறது, எடுத்த பிறகு நம்மால் அது குறைந்துவிட்டது என்பதும் உறைக்கிறது.

அடுத்துத் தலைப்பைப் பாருங்கள். ‘தலைப்பில்லாதது (லாஸ் ஏஞ்சலிஸில் ராஸின் உருவப்படம்)’. ராஸ் லேகாக் கலைஞரின் துணைவர். அதே 1991-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். இப்போது அந்த எடை ஒரு மனித உடலின் எடையாகிறது. குவியல் கரைவது நோயில் ஓர் உடல் கரைவதாகிறது. நம் நாவில் கரையும் இனிப்பு, ஒருவரின் உடலில் பங்கு கொள்வதாகவும், அவர் இழப்பில் நமக்கும் பங்கு உண்டு என்பதாகவும் மாறுகிறது. நிரப்பிக்கொண்டே இருப்பது, அவரைப் போக விடாமல் வைத்திருப்பதாகிறது. எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே உலகம் அஞ்சிய ஆண்டுகளில் இது வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்த ‘எடுத்துக்கொள்’ என்ற அழைப்பின் துணிவு விளங்கும்.

வாழ்க்கைத் தகவல் இங்கே படைப்புக்கு வெளியிலிருந்து ஒட்டப்பட்டதல்ல. எடையும், குறைதலும், உண்ணுதலும் முன்பே படைப்புக்குள் இருந்தன; தகவல் அவற்றைப் பேச வைத்தது. 2022-இல் அந்த அருங்காட்சியகத்தின் குறிப்பில் ராஸும் எய்ட்ஸும் விடுபட்டிருந்ததைப் பார்வையாளர்கள் கண்டித்தார்கள், பின்னர் குறிப்பு மாற்றப்பட்டது. இரண்டு வரிக் குறிப்பு ஒரு படைப்பை எவ்வளவு திறக்கவும் மூடவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனினும் எந்தத் தகவலும் கண் முன் இருக்கும் ஏதேனும் ஒன்றோடு சென்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் யார் எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாமா?

பதில்: கூடாது. பல பொருள்கள் இருக்கலாம் என்பதும் எந்தப் பொருளும் பொருந்தும் என்பதும் வேறு வேறு.

பிக்காசோவின் ‘குவர்னிகா’ இதற்கு நல்ல பாடம். 1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பானிய உள்நாட்டுப் போரில், கிளர்ச்சிப் படைத் தலைவர் பிராங்கோவுக்குத் துணைநின்ற ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் பாஸ்க் நகரமான குவர்னிகாவைக் குண்டு வீசி அழித்தன. பாரிஸ் உலகக் கண்காட்சியின் ஸ்பானிய அரங்குக்காகப் பிக்காசோ அந்தக் கோடையில் அதைத் தீட்டினார். ஓவியத்தில் ஒரு விமானமோ, குண்டோ, எதிரிப் படைவீரரோ இல்லை. இறந்த குழந்தையை ஏந்தி அலறும் தாய், ஒரு காளை, ஈட்டி பாய்ந்த குதிரை, சன்னல் வழியே விளக்கை நீட்டும் பெண், முறிந்த வாளோடு கிடக்கும் வீரன், அந்தக் கையருகே ஒரு சிறு பூ, இவை அனைத்துக்கும் மேலே கண் போன்ற வடிவத்துக்குள் ஒரு மின்விளக்கு. நிறம் என்று பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும்தான். குதிரையின் உடலை நிறைத்திருக்கும் சிறு சிறு கோடுகள் அச்சிட்ட செய்தித்தாளை நினைவூட்டுகின்றன. பிக்காசோவும் அந்தச் செய்தியைப் பாரிஸில் நாளேடுகள் வழியாகவே அறிந்தார்.

காளை எதைக் குறிக்கிறது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கொடுமை என்பர் சிலர், ஸ்பெயின் என்பர் சிலர். பிக்காசோவே ஒரு முறை அது கொடுமையும் இருளும் என்றார், வேறொரு சமயம் காளை காளைதான், குதிரை குதிரைதான் என்று விட்டுவிட்டார். தாயின் மேல் கவிந்து நிற்கும் அதன் தோற்றம் காவலாகவும் படுகிறது, அச்சுறுத்தலாகவும் படுகிறது. ஆகவே இரு வாசிப்புக்கும் இடம் உண்டு. ஆனால் இந்த ஓவியத்தைப் போர் வீரத்தின் புகழ்ச்சி என்று ஒருவர் சொன்னால், அந்த முறிந்த வாளும் தாயின் தொண்டையும் அதை மறுக்கும். ஓவியம் வளர்ந்த நிலைகளைத் தோரா மார் புகைப்படங்களாக எடுத்துவைத்திருக்கிறார். தொடக்க நிலையில் வீழ்ந்த வீரனின் கை முஷ்டி மடக்கி வானை நோக்கி உயர்ந்திருந்தது. பிக்காசோ பின்னர் அதை நீக்கிவிட்டார். நம்பிக்கை முழக்கமாக இந்த ஓவியத்தை வாசிக்க விரும்புவோர் அந்த நீக்கத்துக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: தேர்வுக்காக இசங்களின் பட்டியலை மனப்பாடம் செய்கிறேன். பெயரும் ஆண்டும் நினைவில் நிற்பதில்லை. வேறு வழி உண்டா?

பதில்: ஒவ்வொரு இயக்கமும் யாரை எதிர்த்துப் பேசியது என்று எழுதிவையுங்கள். பாதி வாக்குவாதத்தில் அறைக்குள் நுழைந்தவருக்கு ஒருவரின் பேச்சு மட்டும் கேட்டால் விளங்காததைப் போலவே, எதிர்த்தரப்பு தெரியாமல் எந்த இசமும் விளங்காது. 1940-களின் இறுதியிலிருந்து போலாக், ராத்கோ போன்றோர் கித்தானில் கையின் அசைவையும் உள்ளத்தின் கொந்தளிப்பையும் வைத்தார்கள். அதற்குப் பதிலடியாக 1962-இல் ஆண்டி வார்ஹால் சூப் டப்பாக்களை 32 கித்தான்களில் தீட்டி, கலைஞரின் உள்ளம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்தார். டொனால்ட் ஜட் தன் பெட்டி வடிவப் படைப்புகளை உலோகப் பட்டறையில் செய்வித்தார், கார்ல் ஆந்த்ரே 120 செங்கற்களை இரண்டு அடுக்காகத் தரையில் வைத்தார். கைத்தடம், உணர்ச்சி, பீடம் எல்லாம் நீக்கப்பட்டன. 1967-இல் சால் லெவிட், எண்ணம்தான் கலையை உருவாக்கும் இயந்திரம் என்ற பொருளில் எழுதியபோது, பொருளைச் செய்து முடிப்பதுகூடச் சம்பிரதாயம் ஆகிவிட்டது. இந்த வரிசையை ஒரு சச்சரவாக நினைவில் கொண்டால் ஆண்டுகள் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: இந்த வரலாற்றில் பெண்களின் பெயரே வருவதில்லையே?

பதில்: வரலாற்றை எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். முதல் அரூப ஓவியம் 1910-ஐ ஒட்டி ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியிடம் பிறந்தது என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. ஸ்வீடனின் ஹில்மா ஆஃப் க்ளிண்ட் 1906-லேயே அத்தகைய ஓவியங்களைத் தொடங்கிவிட்டார். 1907-இல் அவர் தீட்டிய பத்துப் பெரும் ஓவியங்கள் மூன்று மீட்டருக்கும் மேல் உயரமானவை; சுருள்களும் இதழ்களும் எழுத்துகளும் மிதக்கும் அவற்றின் முன் நிற்பவர் சிறுத்துப்போவார். தம் மறைவுக்குப் பின் இருபது ஆண்டுகள் அவற்றைக் காட்டக் கூடாது என்று அவரே சொல்லிவைத்தார். 1944-இல் இறந்தார், 1986-இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு அவை வந்தன. முதலில் வரைந்தவர் யார் என்ற போட்டி எனக்கு முக்கியமாகப் படவில்லை. க்ளிண்ட் இருந்ததைப் போன்ற, ஆவிகளோடு உரையாடும் வழிபாட்டுக் குழுவிலிருந்தும் அரூபம் பிறந்திருக்கிறது என்பதுதான், அரூபத்தைத் தூய வடிவக் கணக்காக மட்டும் பார்ப்பவர்களை மறுபடியும் யோசிக்க வைக்கிறது.

கேள்வி: இன்றைய படைப்புகள் பல அரசியல் முழக்கங்களாகவே இருக்கின்றன. கட்டுரை எழுதியிருக்கலாமே?

பதில்: சில படைப்புகளைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. குறிப்பைப் படித்ததும் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அங்கே கட்டுரையே போதும். மிஞ்சுவதற்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யின் ‘நேரானவை’ என்ற படைப்பைச் சொல்வேன். 2008 மே மாதம் சீனாவின் சிசுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் இடிந்து 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். தரக்குறைவான கட்டுமானம் பற்றிய கேள்விகளை அரசு அடக்கியபோது, அவரும் தன்னார்வலர்களும் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் பெயர்களைத் திரட்டினார்கள். இடிபாடுகளில் முறுக்கிக்கொண்டு கிடந்த இரும்புக் கம்பிகளை வாங்கிவந்து, அவற்றை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. லண்டனில் 2015-இல் காட்டப்பட்டபோது ஏறத்தாழ 90 டன் கம்பிகள் தரையில் அடுக்கப்பட்டிருந்தன, சுவர்களில் பெயர்கள்.

அறையில் நிற்பவர் காண்பது, கட்டடத்தில் சேரத் தயாராக இருப்பவை போன்ற நேர்த்தியான கம்பிகளை மட்டுமே. அவற்றின் அடுக்கில் நிலம் பிளந்தது போன்ற ஓர் இடைவெளி ஓடுகிறது. கம்பியை நிமிர்த்திவிடலாம், நடந்ததை நிமிர்த்த முடியாது என்பதை எந்த வாசகமும் இல்லாமல் அந்த எடையே உணர்த்துகிறது. ஒரு கட்டுரை இந்த நிகழ்ச்சியை இன்னும் தெளிவாக விளக்கும். ஆயிரக்கணக்கான முறை விழுந்த சுத்தியல் அடியை நம் முன் வைக்க அதனால் இயலாது.

கேள்வி: சுவரில் ஒட்டிய வாழைப்பழத்துக்கு இத்தனை கோடி என்றால் கலைச் சந்தையே மோசடிதானே?

பதில்: இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கத்தெலானின் ‘நகைச்சுவையாளர்’ என்ற அந்த வாழைப்பழப் படைப்பு 2019-இல் மயாமியில் 1,20,000 டாலருக்கு விலை சொல்லப்பட்டு, 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவருக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும், பழத்தை எப்படி ஒட்டுவது, எப்போது மாற்றுவது என்ற வழிமுறையும். அந்த விலை சந்தையைப் பற்றியும் வாங்கியவரின் வசதியைப் பற்றியும் நிறையச் சொல்கிறது. ஒரு படைப்பை மதிப்பிடும்போது விலையை முழுவதுமாக மறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தன் வாழ்நாளில் மிகச் சில ஓவியங்களையே விற்ற வான்கோவின் கித்தான்கள் அன்றும் இதே கித்தான்கள்தாம்.

கேள்வி: அசல் ஓவியங்களைக் காணும் வாய்ப்பு எனக்கு இல்லை. கைப்பேசித் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அளவைத் தேடிப் படிக்காமல் எந்த ஓவியத்தைப் பற்றியும் முடிவுக்கு வராதீர்கள். திரையில் எல்லாம் ஒரே அளவாகிவிடுகின்றன. உருகி வழியும் கடிகாரங்களைக் கொண்ட டாலியின் ‘நினைவின் நீடிப்பு’ மாபெரும் ஓவியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது 24-க்கு 33 சென்டிமீட்டர்தான், குனிந்து உற்றுப் பார்க்க வேண்டிய ஒரு சிறு கனவு. பார்னெட் நியூமனின் ஐந்து மீட்டருக்கும் மேல் அகலமான செந்நிற ஓவியமோ திரையில் ஒரு சிவப்புப் பட்டையாகத்தான் தெரியும். தம் பெரிய ஓவியங்களை அருகில் நின்று பார்க்கும்படி 1951-இல் தம் கண்காட்சியிலேயே அவர் குறிப்பு எழுதி வைத்தார், சிவப்பு நம் பார்வையின் ஓரம்வரை நிரம்ப வேண்டும் என்பதற்காக. ‘குவர்னிகா’வின் நீளம் 7.77 மீட்டர், உயரம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பகுதி பகுதியாகப் பார்த்த பிறகு, அந்த நீளத்தைத் தரையில் அளந்து இரு முனைகளிலும் அடையாளம் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பாருங்கள். குழந்தையை ஏந்திய தாயிடமிருந்து தீயில் கைகளை உயர்த்தும் பெண்ணிடம் போய்ச் சேர எத்தனை அடிகள் ஆகின்றன என்பது அப்போது தெரியும்.